ஆசிரியருக்கு ஆசிரியர் துணை

கிராமத்துச் சிறுபாடசாலையில் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரின் பெருங்குறை யாது என்று வினவினால், கட்டடம் போதாது, தளபாடம் போதாது, புத்தகம் போதாது என்று பலவும் சொல்லப்படும். அவை யாவும் உண்மையே. ஆயினும் அவற்றினும் பெரியதொரு குறை உண்டு. அதைக் குறையென்று எடுத்துச் சொல்வார் அரியர். அது தனிமை. வைத்தியர் ஒருவர் ஐயம் நேர்ந்தவிடத்து மற்றொரு வைத்தியரை அழைத்து நோயாளியைக் காட்டுகிறார். தச்சனும் கொல்லனும் பட்டறையில் ஒருவர் வேலையை மற்றவர் பார்த்தே தொழில் பயில்கின்றனர். ஆசிரியரோ வகுப்பறைக் கதவு சாத்தப்பட்ட பின்னர் தனியர். அவர் கண்டுபிடிக்கும் நல்ல வழி அவரோடே ஓய்வு பெறுகிறது. அவர் செய்யும் பிழையும் முப்பது வருடம் திருத்துவாரின்றித் தொடர்கிறது. வித்தியாதரிசி வருடத்துக்கு ஒருமுறை வந்து போவதால் இக்குறை தீர்வதில்லை. வித்தியாதரிசிக்கு முன்னிலையில் எந்த ஆசிரியரும் தம் தோல்வியைக் காட்டுவதில்லை.

இத்தனிமையை உடைத்தெறியச் சென்ற நூற்றாண்டில் ஆசிரியர்கள் தாமே செய்த முயற்சிகளுள், பிரான்சு தேசத்தில் ஒரு சிறு அச்சுப்பொறியிலிருந்து தொடங்கிய முயற்சி தனித்து வைத்து எண்ணத்தக்கது.

செலெஸ்தின் பிரெனே என்பார் 1896 ஆம் ஆண்டு பிரான்சின் தென்கிழக்கு மலைநாட்டில் கார்ஸ் என்னும் சிற்றூரிலே பிறந்தார். ஆசிரியப் பயிற்சி பெற்றுக்கொண்டிருக்கையில் முதலாம் உலக யுத்தம் மூண்டது. 1917 இல் போர்க்களத்தில் அவருடைய நெஞ்சைக் குண்டு துளைத்தது. நுரையீரல் பழுதுற்றது. நெடுநாள் சிகிச்சைக்குப் பின் 1920 இல் பார்-சுர்-லூ என்னும் ஊரிலே வகுப்பொன்றை ஏற்றார். மூச்சு முட்டாமல் நெடுநேரம் பேச அவரால் இயலவில்லை. அக்காலப் பாடசாலை முறையோ ஆசிரியர் பேச மாணாக்கர் கேட்பது. பேச இயலாத ஆசிரியர் என்ன செய்வார்? பிள்ளைகளை வெளியே அழைத்துச் சென்றார். நெசவு செய்பவனையும் கருமானையும் வயலையும் ஆற்றையும் பார்த்துத் திரும்பிய பிள்ளைகள் வாய் ஓயாமல் பேசினர். வகுப்பறைக்குள் நுழைந்து பாடப்புத்தகத்தைத் திறந்தவுடன் அதே பிள்ளைகள் ஊமைகளாயினர். புத்தகத்தில் இருந்த வாக்கியங்கள் அவர்கள் கண்ட எதையும் பற்றியவை அல்ல.

அந்நாளில் ஐரோப்பாவில் புதிய கல்வி பற்றிய நூல்களுக்கும் மகாநாடுகளுக்கும் பஞ்சமில்லை. பிரெனே 1923 இல் சுவிற்சர்லாந்தின் மொந்திரே நகரில் கூடிய மகாநாட்டுக்கும் சென்றார். பெரிய அறிஞர்களின் உரைகளைக் கேட்டு மகிழ்ந்தார். ஆனால் ஊர் திரும்பியபோது அவர் கையில் பயன்படத்தக்கது ஏதும் இல்லை. அங்கே பேசப்பட்டவை சில மாணாக்கரும் பல கருவிகளும் உடைய செல்வப் பாடசாலைகளுக்கு உரியவை. அவருக்கு வாய்த்ததோ தூசி படிந்த அறையும் வறிய வீட்டுப் பிள்ளைகளும். பரிந்துரை செய்வோர் ஒரு நிலையிலும் கேட்போர் வேறொரு நிலையிலும் இருக்கும்போது, நல்ல ஆலோசனையும் ஆசிரியருக்கு மனச்சோர்வையே தரும். இன்றும் புதுக் கருவிகளைப் பற்றி மேடைகளில் கேட்டுவிட்டு மின்சாரம் நின்று நின்று வரும் தம் பாடசாலைக்குத் திரும்பும் ஆசிரியர் இதனை நன்கறிவர்.

1924 இல் அவர் ஒரு சிறு அச்சுப்பொறியை வாங்கினார். பிள்ளைகள் சொன்னவற்றுள் ஒன்று கரும்பலகையில் எழுதப்படும். எல்லோரும் சேர்ந்து அதைத் திருத்துவர். பின்னர் பிள்ளைகள் சிறு சிறு குழுக்களாக ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாய் எடுத்துக் கோப்பர், மை தடவுவர், தாளை வைத்து அழுத்துவர். நத்தைகளை ஓட்டப்பந்தயம் விட்ட கதையொன்று அவ்வகுப்பின் ஆரம்ப எழுத்துக்களுள் ஒன்றென இயக்கத்தார் இன்றும் சொல்லி மகிழ்வர். எழுத்துக் கோத்தல் எளிய வேலையன்று. எழுத்துத் தலைகீழாகவும் வலமிடம் மாறியும் நிற்கும். ஓர் எழுத்துத் தவறினாலும் அத்தனை படிகளிலும் அத்தவறு பதியும். ஆகவே எழுத்துப் பிழையைப் பற்றி ஆசிரியர் கண்டிக்க வேண்டிய தேவை குறைந்தது. நூறு முறை கண்டித்தாலும் வராத கவனம், பிறர் படிக்கப் போகிறார்கள் என்ற ஒரே எண்ணத்தால் வந்தது.

பிறர் யார்? இவ்விடத்திலேதான் முயற்சி ஒரு வகுப்பைத் தாண்டி வளர்ந்தது. பிரெனே தாம் செய்வதை ஆசிரியர் சங்க வெளியீடுகளில் எழுதினார். படித்தவர்களுள் மிகச் சிலர் தாமும் அச்சுப்பொறி வாங்கினர். அவர்களுள் ஒருவர் ரெனே டானியேல். பிரெத்தான் கரையிலே திரேகங்க் என்னும் ஊர்ப்பகுதியில் கற்பித்தவர். தேசத்தின் தென்கிழக்கு மூலைக்கும் வடமேற்கு மூலைக்கும் இடையே 1926 இல் தபால் ஓடத் தொடங்கியது. ஒரு வகுப்பு அச்சிட்ட தாள், மறு வகுப்பின் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு படியாகச் சென்றது. தாள்களோடு பொதிகளும் சென்றன. ஒலிவ மரங்களிடையே வளர்ந்த பிள்ளைகள் மீன்பிடிகாரரின் பிள்ளைகளுக்குத் தம் மண்ணின் விளைவுகளை அனுப்ப, அவர்கள் கடலின் பொருள்களை அனுப்பினர். புவியியல் பாடம் கேட்காமலே நடந்தது.

பிள்ளைகளின் தபாலைப் பற்றியே பலரும் வியந்து பேசுவர். அதன் அடியில் இன்னொரு தபால் ஓடியது என்பதைக் கவனிப்போர் குறைவு. அது ஆசிரியர்களின் தபால். எந்த மை காய்ந்து போகிறது, எத்தனை பிள்ளைகள் ஒரே சமயம் கோக்கலாம், கணக்குக்கு என்ன செய்வது, பெற்றோர் முறையிட்டால் என்ன மறுமொழி கூறுவது—இவையெல்லாம் அதில் பேசப்பட்டன. 1927 இல் தூர் நகரில் அவர்கள் முதன்முறையாகக் கூடினர். விரைவிலே ஒரு கூட்டுறவு ஸ்தாபனமும் எழுந்தது. அது அச்சுப்பொறி, எழுத்து, மை ஆகியவற்றை ஆசிரியருக்குப் பெற்றுத்தந்தது. பிள்ளைகளின் எழுத்தைத் தொகுத்துச் சிறு சஞ்சிகை வெளியிட்டது. 1932 முதல், பாடப்புத்தகத்துக்குப் பதிலாக மாணாக்கர் தாமே தேடிப் படிக்கத்தக்க சிறு வெளியீடுகளை வரிசையாகக் கொணர்ந்தது. இவ்வெளியீடுகளை எழுதியோர் வகுப்பறை ஆசிரியர்களே. கைப்படி முதலில் வேறு வகுப்புக்களுக்குச் சென்று, பிள்ளைகள் படித்து விளங்காதனவற்றைக் குறித்த பின்னரே அச்சேறும். பிள்ளையே தணிக்கையாளன்! எத்தனை பாடநூற் சபைகள் இம்முறையைக் கைக்கொள்ளத் துணியும் என்பது ஐயமே.

ஆசிரியர்களிடையே வழங்கிய மற்றொரு முறையையும் இங்கே விரித்துச் சொல்லல் தகும். சுற்றேடு என்று அதனைத் தமிழில் அழைக்கலாம். ஒரு பொருளில் ஈடுபாடுடைய சில ஆசிரியர்கள் தம்முள் ஒரு வரிசை வகுத்துக்கொள்வர். முதலாமவர் தம் வகுப்பில் செய்து பார்த்ததை ஒரு கொப்பியில் எழுதி இரண்டாமவருக்குத் தபாலில் அனுப்புவார். அவர் அதைப் படித்து, ஓரத்தில் தம் கேள்வியைக் குறித்து, தம் அனுபவத்தையும் சேர்த்து மூன்றாமவருக்கு விடுப்பார். ஏடு இவ்வாறு சுற்றி முதலாமவரிடம் மீளும்போது, அவர் எழுதியதைச் சூழ்ந்து பலருடைய கையெழுத்து நிற்கும். வித்தியாதரிசிக்குக் காட்ட முடியாத தோல்வி அங்கே கூசாமல் எழுதப்பட்டது. படிப்போர் யாவரும் அடுத்த நாட் காலை அதே போன்ற வகுப்பின் முன் நிற்கப் போகிறவர்கள் ஆகையால், வெற்று அலங்காரத்துக்கு அங்கே மதிப்பில்லை. ஏடு மெதுவாகவே நகர்ந்தது. ஒருவர் கையில் அது தங்கிவிட்டால் மற்றவர் காத்திருக்க நேரும். ஆனால் தாம் ஒன்றும் செய்து பாராமல் பிறர் எழுத்தை நன்று நன்று என்று கடத்திவிடுதல் அதில் எளிதன்று. வெறும் பக்கம் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும்.

இத்தகைய பகிர்வு யாவர்க்கும் உவப்பாயிருந்ததென்று எண்ணுதல் தவறு. பிரெனே 1928 இல் சென் போல் என்னும் ஊருக்கு மாற்றம் பெற்றார். அங்கே ஒரு பிள்ளை தான் கண்ட கனவை எழுதியது; அக்கனவில் ஊர் முதல்வர் கொல்லப்படுகிறார். அது அச்சாகியது. அச்சான தாள் எதிரிகள் கையிற் சிக்கியது. 1932 இன் இறுதியில் ஊர்ச் சுவர்களில் அவருக்கெதிரான சுவரொட்டிகள் தோன்றின. தலைநகர்ப் பத்திரிகைகள் அவரைத் தூற்றின. அவருடைய இடதுசாரி அரசியலும் இக்கோபத்துக்குக் காரணமாயிருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. 1933 இல் பாடசாலையின் முன் கூட்டம் திரண்டது. இறுதியில் அவர் அரசாங்கப் பாடசாலையை விட்டு நீங்கி, மனைவி எலீஸ் அம்மையாருடன் வான்ஸ் என்னும் இடத்தில் தமக்கெனப் பாடசாலை கட்டி 1935 இல் திறந்தார். இரண்டாம் யுத்தம் வந்தபோது 1940 இல் அவர் தடுப்பு முகாமில் அடைக்கப்பட்டார். இத்தனைக்கும் நடுவே ஆசிரியர்களின் தொடர்பு முற்றாக அறுந்துவிடவில்லை. யுத்தம் முடிந்தபின் 1947 இல் அது புதிய ஸ்தாபனமாக எழுந்தது. 1957 இல் பல தேசத்து இயக்கங்களின் சம்மேளனமும் தோன்றியது.

ஸ்பெயின் தேசத்து ஆசிரியர்களுக்கு நேர்ந்தது இதனினும் கொடிது. லெரிடாப் பகுதியில் வித்தியாதரிசியாயிருந்த எர்மீனியோ அல்மெந்திரோஸ் 1932 இல் பாடசாலை அச்சுமுறை பற்றி நூல் எழுதினார். வித்தியாதரிசிகளுள்ளும் இத்தகையோர் உளர் என்பதை முன்னர்ச் சொன்னதற்குத் திருத்தமாகக் கொள்ளலாம். அங்கும் கூட்டுறவு அமைந்தது, சஞ்சிகை வெளிவந்தது, 1935 இல் உவெஸ்கா நகரில் மகாநாடு கூடியது. பத்ரீசியோ ரெடோந்தோ என்னும் ஆசிரியரிடமிருந்து இம்முறையை அறிந்தவர்களுள் ஒருவர் அந்தோனி பெனாய்ஜஸ். கத்தலோனியக் கரையோரத்து மொன்ரோச் என்னும் ஊரினர். 1903 இல் பிறந்தவர். அவர் 1934 இல் கடலுக்கு வெகு தூரத்தில், பூர்கோஸ் மாகாணத்துப் பன்யூவேலோஸ் என்னும் சின்னஞ்சிறு கிராமத்துக்கு ஆசிரியராகச் சென்றார். சொந்தப் பணத்தில் அச்சுப்பொறி வாங்கினார். கிராமபோன் ஒன்றையும் கொண்டுவந்து பிள்ளைகளுக்கு இசை கேட்பித்தார். அதுவும் ஊரில் சிலருக்குப் பிடிக்கவில்லை.

அப்பிள்ளைகள் கடலைக் கண்டதில்லை. கடல் எவ்வாறிருக்கும் என்று ஒவ்வொருவரும் எண்ணியதை எழுதினர். 1936 ஜனவரியில் அது சிறு கைநூலாக அச்சாகியது. கடலை ஒருபோதும் காணாத பிள்ளைகளின் காட்சி என்று அதன் தலைப்பு அறிவித்தது. அவ்வருடக் கோடை விடுமுறையில் அவர்களைத் தம் ஊருக்கு அழைத்துச் சென்று கடலைக் காட்டுவதாக ஆசிரியர் வாக்களித்தார். ஜூலை மாதத்தில் இராணுவக் கிளர்ச்சி எழுந்தது. அம்மாதமே பெனாய்ஜஸ் பிடிக்கப்பட்டு, துன்புறுத்தப்பட்டுக் கொல்லப்பட்டார். ஸ்பானிய அச்சுமுறை ஆசிரியர்கள் அந்த ஜூலையில் மன்ரேசா நகரில் கூடுவதற்கு ஒழுங்கு செய்திருந்த மகாநாடும் நடைபெறவில்லை. கொலையுண்டவர் பெயரை ஊரார் பல்லாண்டு காலம் உரக்கச் சொல்லவும் அஞ்சினர். லா பெத்ராகா மலைப்பாதையருகே 2010 இல் பெருங்குழிகள் தோண்டப்பட்டு நூற்றுக்கு மேற்பட்ட உடல்கள் எடுக்கப்பட்டன; அவர் உடல் இன்னதென அப்போது இனங்காண முடியவில்லை. அச்சடித்த கைநூல்களுட் சில எஞ்சி நின்றன. அவற்றைக் கொண்டே அவ்வகுப்பின் கதை மீண்டும் வெளிவந்தது. 2023 இல் அது திரைப்படமாகவும் வந்தது.

ஆசியாவிலும் இதற்கு உறவான முயற்சி ஒன்று நிகழ்ந்தது. அது பிரான்சிலிருந்து வந்ததன்று. ஜப்பானின் வடபகுதியில், குளிரும் வறுமையும் மிகுந்த கிராமங்களில், ஆசிரியர்கள் பிள்ளைகளைத் தம் வீட்டு வாழ்க்கையை உள்ளபடி எழுதுமாறு ஏவினர். மெழுகுத்தாளில் கீறி ரோனியோ முறையில் படியெடுத்த வகுப்புத் தொகுப்புக்களை ஒருவருக்கொருவர் அனுப்பிக் கருத்துக் கேட்டனர். அக்கித்தா நகரில் 1930 இல் அவர்களுக்கென ஒரு சஞ்சிகையும் எழுந்தது. வறுமையை எழுதச் சொல்வது அரசைக் குறை கூறச் சொல்வதென்று அதிகாரிகள் கருதினர். 1940 முதல் அவ்வாசிரியர்கள் கைதாயினர். யுத்தத்துக்குப் பின் யமகத்தா மாகாணத்தில் முச்சாக்கு செய்க்கியோ என்னும் இளம் ஆசிரியர் அம்மரபைத் தொடர்ந்தார். அவருடைய 43 மாணாக்கர் எழுதியவை 1951 இல் 'எதிரொலிப் பள்ளி' என்று பொருள்படும் பெயருடன் நூலாக வெளிவந்து தேசமெங்கும் பரவின. தாயின் மரணத்தையும் வீட்டுக் கடனையும் ஒரு சிறுவன் கணக்கிட்டு எழுதிய கட்டுரை அதில் உண்டு. அதற்குக் கல்வி மந்திரியின் பரிசு முன்னரே கிடைத்திருந்தது. கிராமத்தாரோ தம் வறுமை ஊரறியச் செய்யப்பட்டதென்று வருந்தினர். ஆசிரியர் 1954 இல் அவ்வூரை விட்டுத் தோக்கியோவுக்குச் சென்றார். அவர்கள் வருத்தத்தை அறியாமை என்று தள்ளிவிடுதல் நீதியாகாது. பிள்ளையின் எழுத்து ஊர் தாண்டிச் செல்லும்போது, அதில் அகப்படும் பெற்றோரின் சம்மதத்தை யார் கேட்பது? அவ்வினா இன்றும் விடையின்றியே நிற்கிறது. கைத்தொலைபேசியில் வகுப்பறையைப் படம் பிடித்து உலகறியப் பரப்பும் இந்நாளில் அது மேலும் கூர்மை பெற்றுள்ளது.

பகிர்வோரிடையேயும் பிணக்குத் தோன்றும். பிரெனே இயக்கத்தின் பாரிஸ் குழுவினர், கிராமத்துக்கு வகுத்த முறை நகரத்துப் பெரும் பாடசாலைகளுக்கு அப்படியே பொருந்தாது என்றனர். வெளியீட்டை யார் நடத்துவது என்பதிலும் கருத்து வேறுபட்டது. பெர்னான் ஊரி முதலியோர் 1961 இல் பிரிந்து வேறு வழி கண்டனர். பிரெனே பிடிவாதம் மிக்கவர் என்பதை அவரைப் போற்றுவோரும் ஒப்புவர். அவர் 1966 இல் மறைந்தார்.

கருவிகள் பின்னர் மாறின. ஈய எழுத்து மறைந்தது. 1980 களில் பிரெஞ்சு ஆசிரியர்கள் தொலைபேசிக் கம்பிவழி இயங்கிய மினிட்டெல் பொறியைக் கொண்டு வகுப்புக்களிடையே செய்தி பரிமாறினர். பின்பு கணினியும் இணையமும் வந்தன. இன்று ஓர் ஆசிரியர் தம் பாடக்குறிப்பையும் கருவி பற்றிய அபிப்பிராயத்தையும் எழுதி வைத்தால், மறு நிமிடத்திலே வேறு கண்டத்து ஆசிரியர் படிக்கிறார். நல்லதென்று தோன்றினால் பத்துப் பேருக்குச் சுட்டிக் காட்டுகிறார். சுற்றேடு பல வாரம் எடுத்துச் செய்ததை இது கணத்தில் செய்கிறது. நன்மை பெரிது. ஆனால் ஒருவர் பரிந்துரைத்ததைப் படிக்குமுன் மற்றொரு பரிந்துரை வந்து நிற்கிறது. செய்து பார்த்தேன், இவ்விடத்தில் தோற்றது, இவ்வாறு மாற்றினேன் என்று எழுதுவோர் சிலர். கண்டேன், நன்று என்று கடத்துவோர் பலர். கருவியை விற்போரும் ஆசிரியர் வேடம் புனைந்து இடையிலே நுழைகின்றனர். பிரெனேயின் தோழர்கள் அச்சுப்பொறியைத் தம் கூட்டுறவின் மூலமே பெற்றதற்கு விலை மட்டும் காரணமன்று. கருவியைப் பற்றித் தீர்ப்புச் சொல்வோர் அதனால் இலாபம் பெறுவோராய் இருத்தல் ஆகாது என்பது அவ்வேற்பாட்டிலேயே அடங்கியிருந்தது.

ஸ்பெயினிலிருந்து தப்பியோடிய ஆசிரியர்களுள் அல்மெந்திரோஸ் கியூபாவை அடைந்தார். பெனாய்ஜஸுக்கு அச்சுமுறையை அறிமுகஞ் செய்த ரெடோந்தோ மெக்சிக்கோவின் வெராகுரூஸ் மாகாணத்துச் சான் அந்திரேஸ் துக்ஸ்லா என்னும் ஊரில் குடியேறினார். அங்கே பாடசாலைக்குச் செல்லாத பிள்ளைகளைக் கூட்டி 1940 இல் கற்பிக்கத் தொடங்கினார். பிரெனேயின் பெயரையே அப்பாடசாலைக்கு இட்டார். மெக்சிக்கோ ஆசிரியர் சிலர் அவரிடமிருந்து எழுத்துக் கோக்கப் பழகித் தம் வகுப்புக்களுக்குக் கொண்டு சென்றனர். அவர் 1967 இல் அவ்வூரிலேயே காலமானார்.